புண்ணாற்றும் புழுக்கள்

புழு என்றதும் முகஞ் சுளிக்காதவர் நம்மில் அரியர். இழிவுக்கு எல்லை கூற வேண்டுமாயின் புழுவைச் சுட்டுவது நம் மொழி வழக்கு. அதிலும், பிறிதோர் உயிரின் குடலிலும் ஈரலிலும் குடியேறி, உழையாமல் உண்டு வாழும் ஒட்டுண்ணிப் புழுவைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல யார் முன்வருவர்? நான் முன்வருகிறேன். புழுவைப் போற்றுவது என் நோக்கமன்று. அது நெடுங்காலமாகக் கற்று வைத்திருக்கும் ஒரு வித்தையை நம் மாணவ நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே என் நோக்கம். அவ்வித்தை, புண்ணை விரைவில் ஆற்றும் வித்தை.

இலக்கிய மாணவர்கள் மட்டுமே எழுதிக்கொண்டிருந்தால் போதாது, விஞ்ஞானம் பயில்வோரும் தாம் கற்பதைத் தாய்மொழியில் சொல்ல வேண்டும் என்று நம் இதழாசிரியர் அன்புக் கட்டளை இட்டார். உயிரியல் பயிலும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இப்பொருள்தான். பாடமாகப் படிக்கும்போது கூடச் சுவை குன்றாத செய்தி இது. ஆனால் செய்தித்தாள்களில் வரும்போது பாதி உண்மையோடு நின்றுவிடுகிறது. மீதிப் பாதியையும் சேர்த்துச் சொல்ல முயல்கிறேன்.

புண் ஆறுவது எப்படி?

புழுவுக்குச் செல்லுமுன் நம் தோலைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது நலம். தோலில் காயம் படுவதை ஏரிக்கரை உடைவதற்கு ஒப்பிடலாம். கரை உடைந்ததும் ஊரார் முதலில் என்ன செய்வர்? கையில் கிடைத்த மண்மூட்டையையும் முள்ளையும் தழையையும் போட்டு வெள்ளத்தை அடைப்பர். உடலும் அப்படியே செய்கிறது. இரத்தம் உறைந்து உடைப்பை அடைக்கிறது. இது முதற் கட்டம்.

அடுத்து, சேற்றையும் குப்பையையும் அள்ளி அப்புறப்படுத்த ஆட்கள் வருகின்றனர். இவர்களே வெள்ளணுக்கள். காயத்தின் வழியே நுழைந்த நோய்க்கிருமிகளைக் கொல்வதும், இறந்த உயிரணுக்களை அகற்றுவதும் இவர்கள் பணி. அப்போதுதான் காயத்தைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, சுடுகிறது. இது அழற்சி எனப்படும் இரண்டாம் கட்டம். மூன்றாம் கட்டத்தில் கொத்தனார்கள் வருகின்றனர். புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, கொலாஜன் என்னும் நார்ப்புரதம் நெய்யப்படுகிறது, மேற்றோல் விளிம்பிலிருந்து ஊர்ந்து வந்து புண்ணை மூடுகிறது. நான்காம் கட்டம், கட்டியதைச் செப்பனிடும் கட்டம். இது மாதக் கணக்கில் நடைபெறும்.

இவ்வேலைகளுக்கெல்லாம் மேஸ்திரி போல் விளங்குவது மாக்ரோபேஜ் என்னும் பெருவிழுங்கி அணு. இவ்வணுவுக்கு இரண்டு குணங்கள் உண்டு. போர்க்காலத்தில் கிருமிகளை விழுங்கி அழிக்கும். போர் முடிந்ததும் குணம் மாறி, கட்டட வேலைக்கு வேண்டிய கட்டளைகளைப் பிறப்பிக்கும். உரிய காலத்தில் இந்தக் குண மாற்றம் நிகழ்ந்தால் புண் ஆறும். நிகழாவிட்டால் இரண்டாம் கட்டமே முடிவின்றி நீளும்.

இன்னொரு குறையும் உண்டு. அவசரத்தில் அடைத்த கரை பழைய கரையாகிவிடுமா? நல்ல தோலில் கொலாஜன் நார்கள் கூடை முடைந்தாற்போல் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். ஆறிய புண்ணிலோ அவை பெரும்பாலும் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருக்கும். அங்கே மயிர்க்கால் இராது. வியர்வைச் சுரப்பி இராது. பழைய உறுதியும் முழுவதும் திரும்பாது. இதையே தழும்பு என்கிறோம்.

ஆகவே மருத்துவர் முன் நிற்கும் வினாக்கள் இரண்டு. ஆறாத புண்ணை ஆற்றுவது எங்ஙனம்? ஆறும் புண்ணைத் தழும்பின்றி ஆற்றுவது எங்ஙனம்?

நமக்கு இதில் என்ன?

இவ்வினாக்கள் ஆய்வுக்கூடத்து வினாக்கள் மட்டுமல்ல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. நம் நாட்டில் நீரிழிவு உடையோர் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர் என்று அது மதிப்பிட்டது. நீரிழிவு முற்றும்போது கால் நரம்புகள் உணர்ச்சி இழக்கின்றன. இரத்த ஓட்டம் குறைகிறது. பெருவிழுங்கி அணுக்கள் போர்க் குணத்திலேயே நின்றுவிடுகின்றன. முள் குத்தினாலும் தெரியாது. குத்திய இடம் புண்ணாகி, புண் குழியாகி, எலும்பைத் தொடும்.

என் பெரியப்பாவுக்கு நேர்ந்தது இதுவே. வயலுக்குப் போய் வந்தவர், செருப்பில் ஆணி ஏறியிருந்ததை மாலையில் பெரியம்மா கண்டு சொல்லும் வரையில் அறியவில்லை. எட்டு மாதம் கட்டுப் போட்டும் ஆறாத அப்புண், இறுதியில் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிற்று. நம் இதழைப் படிக்கும் நண்பர்களின் இல்லங்களிலும் இத்தகைய கதை ஒன்று இருக்கக்கூடும். அதனால்தான் எந்தப் புழுவின் வாயிலிருந்தாயினும் மருந்து கிடைக்குமா என்று அறிஞர்கள் தேடும்போது நானும் ஆவலோடு நோக்குகிறேன்.

புழுவுக்கு ஏன் இந்த அக்கறை?

நஞ்சிலிருந்தும் ஒட்டுண்ணியிலிருந்தும் மருந்து எடுப்பது புதிதன்று. நம் சித்த மருத்துவர்கள் அட்டை விட்டுக் கெட்ட இரத்தம் வாங்கியதை அறிவோம். அட்டையும் இரத்தம் உறிஞ்சும் புழுவே. அதன் வாயில் இரத்தத்தை உறையவிடாத பொருள் ஒன்று உண்டென்பதை 1884-இல் ஜான் ஹேக்ராஃப்ட் என்பவர் கண்டார். பிற்காலத்தில் ஹிருடின் என்ற பெயரால் அது மருந்துலகில் இடம் பெற்றது. 2004-இல் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, ஒட்டறுவை சிகிச்சைக்குப் பின் அட்டையையே பயன்படுத்தலாம் என அனுமதித்தது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததன் பயனாகக் காப்டோப்ரில் என்னும் இரத்த அழுத்த மருந்து பிறந்து, 1981-இல் வழக்கிற்கு வந்தது.

ஆனால் குடற்புழு எதற்காகப் புண்ணாற்றும் பொருளைச் சுரக்க வேண்டும்? சிறிது எண்ணிப் பார்த்தால் காரணம் விளங்கும். கொக்கிப் புழுவின் குஞ்சு, வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து, இரத்தத்தில் கலந்து, நுரையீரலில் புகுந்து, தொண்டை ஏறி, மீண்டும் விழுங்கப்பட்டுக் குடலை அடைகிறது. சென்ற வழியெல்லாம் காயம். இக்காயங்கள் ஆறாவிட்டால் வீட்டுக்காரன் மாள்வான், குடியிருப்பவனும் மாள்வான். மேலும், காயத்தைச் சூழும் வெள்ளணுப் படை புழுவையே தாக்கும். எனவே படையை அமைதிப்படுத்துவதும் காயத்தை மூடுவதும் புழுவின் தன்னலத்துக்கே உகந்தவை.

நம் உடலும் இதற்கேற்பத் தன்னைப் பழக்கிக்கொண்டுள்ளது. எலியின் நுரையீரல் வழியே செல்லும் நிப்போஸ்ட்ராங்கைலஸ் என்னும் புழுவை வைத்து, அமெரிக்க அறிஞர் வில்லியம் காஸ் குழுவினர் 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். புழுவை எதிர்க்க எழும் அதே நோயெதிர்ப்பு முறைதான் நுரையீரலில் ஏற்பட்ட சேதத்தைக் கட்டுப்படுத்தவும் உதவுகிறது என்று அவர்கள் காட்டினர். புழுவை எதிர்ப்பதும் புண்ணை ஆற்றுவதும் ஒரே வேலையின் இரு முகங்களாயின.

வேறு கொல்லன் செய்த சாவி

இனி முதற் புழுவைப் பார்ப்போம். ஹெலிக்மோசோமாய்டஸ் பாலிகைரஸ் என்பது சுண்டெலியின் குடலில் வாழும் உருளைப்புழு. பிரிட்டனில் ரிக் மெய்சல்ஸ் என்பவர் தலைமையில் இப்புழுவை நெடுங்காலம் ஆராய்ந்த குழுவினர், அது சுரக்கும் பொருள்களில் வியத்தகு புரதம் ஒன்றைக் கண்டு 2017-இல் அறிவித்தனர். அதற்கு டி.ஜி.எம். என்று பெயர்.

பெயரின் பொருள் இது. நம் உடலில் டி.ஜி.எஃப்.-பீட்டா என்றொரு தூதுப் புரதம் உண்டு. வெள்ளணுக்களை அடங்கச் சொல்வதும், நார் நெய்யும் அணுக்களை வேலை செய்யத் தூண்டுவதும் அதன் கடமைகளில் சில. உயிரணுவின் மேலுள்ள ஏற்பிகள் என்னும் பூட்டுகளில் அது சாவி போல் பொருந்துகிறது. புழுவின் டி.ஜி.எம். அதே பூட்டைத் திறக்கும் போலிச் சாவி. இதில் விந்தை என்னவெனில், இரண்டு சாவிகளுக்கும் அமைப்பில் யாதொரு உறவும் இல்லை. நம் புரதத்தின் மரபணுவைத் திருடிப் புழு தன் சாவியைச் செய்யவில்லை. முற்றிலும் வேறான ஒரு புரதக் குடும்பத்தை எடுத்து, ஐந்து துண்டுகளை மணிபோல் கோத்து, அதே பூட்டுக்குப் பொருந்துமாறு பரிணாமத்தில் உருவாக்கிக்கொண்டது. முதல் மூன்று துண்டுகள் அந்த ஏற்பிகளைப் பற்றுகின்றன. கடைசி இரண்டும் சி.டி.44 என்னும் வேறொரு புரதத்தைப் பற்றுகின்றன. எந்த வகை அணுவோடு சேர்வது என்பதை இவ்விரு துண்டுகள் ஓரளவு தீர்மானிப்பதாகக் கருதப்படுகிறது.

இப்புரதத்தைக் காயத்தின்மேல் பூசினால் என்னாகும்? காஸ் பணிபுரியும் ரட்கர்ஸ் பல்கலைக் கழகத்தில் இதைச் சோதித்து, முடிவை 2025-இல் வெளியிட்டனர். சுண்டெலியின் தோலில் முழு ஆழக் காயம் செய்து, நாள்தோறும் டி.ஜி.எம். பூசினர். புண் விரைவில் மூடியது, தழும்பு குறைந்தது, காயம் பட்ட இடத்திலேயே மயிர்க்கால்கள் மீண்டும் தோன்றின. பெருவிழுங்கி அணுக்களின் குணம் கட்டட வேலைக்கு மாறியதே இதற்கு முக்கிய காரணமென அறிந்தனர்.

இங்கே ஒரு புதிர் இருப்பதைக் கூர்மையான வாசகர் கண்டிருப்பர். டி.ஜி.எஃப்.-பீட்டா மிகுந்தால் தழும்பும் மிகும் என்பது பழைய பாடம். அதே பூட்டைத் திறக்கும் போலிச் சாவி தழும்பைக் குறைப்பானேன்? ஒரே கதவுதான், ஆனால் எந்த வீட்டின் கதவை, எவ்வளவு நேரம், எவ்வளவு அகலமாகத் திறக்கிறோம் என்பதைப் பொறுத்து விளைவு மாறலாம். சி.டி.44 மிகுந்துள்ள அணுக்களையே புழுவின் சாவி நாடிச் செல்வது இதற்கு விடையின் ஒரு பகுதியாக இருக்கக்கூடும்.

ஈரற்புழுவின் இரு முகங்கள்

இரண்டாவது புழு தாய்லாந்தைச் சேர்ந்தது. அந்நாட்டின் வடகிழக்கே, கோன்கேன் முதலிய பகுதிகளில் ஆற்று மீனைச் சமைக்காமல் கொத்தி, எலுமிச்சைச் சாறும் மிளகாயும் கலந்து உண்ணும் வழக்கம் உண்டு. கோய் பிளா என்பது அவ்வுணவின் பெயர். மீனோடு ஓபிஸ்தோர்கிஸ் விவெர்ரினி என்னும் தட்டைப்புழுவும் வயிற்றுக்குள் செல்கிறது. ஒரு சென்டிமீட்டர் கூட இல்லாத இப்புழு பித்த நாளங்களில் தங்கிவிடுகிறது. ஆண்டுக் கணக்கில் அங்கேயே கடித்து உண்டு வாழ்கிறது. பித்த நாளப் புற்றுநோய் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படுவது அப்பகுதியில்தான். புற்றுநோயை உண்டாக்குவது உறுதிப்பட்ட காரணிகளின் பட்டியலில் 1994-இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இப்புழுவைச் சேர்த்தது.

ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக் கழகத்து மைக்கேல் ஸ்மவுட், அலெக்ஸ் லூக்காஸ் ஆகியோரும் உடனுழைத்தோரும் இப்புழு சுரக்கும் கிரானுலின் என்ற வளர்ச்சிப் புரதத்தை 2009-இல் விளக்கினர். அப்புரதம் பட்ட உயிரணுக்கள் பெருகின. 2015-இல் அடுத்த முடிவு வந்தது: அதே புரதத்தைச் சுண்டெலியின் தோற்காயத்தில் இட்டபோது காயம் விரைவில் மூடியது! புழு தான் கடித்த இடத்தைத் தானே ஆற்றுகிறது. ஆனால் கடிப்பதும் ஆற்றுவதும் ஆண்டுக் கணக்கில் மாறிமாறி நடக்கும்போது, பெருகிக்கொண்டே இருக்கும் உயிரணுக்களில் ஏதோ ஒன்று வழி தவறிப் புற்றாகிறது. 2019-இல் இப்புழுவின் கிரானுலின் மரபணுவைச் சிதைத்து, அப்புழுக்களை வெள்ளெலிகளுக்குச் செலுத்திப் பார்த்தனர். பித்த நாளங்களில் நோயின் கடுமை தணிந்தது.

இப்புரதத்தில் ஆறு கந்தகப் பிணைப்புகள் இருப்பதால் அதை ஆய்வுக்கூடத்தில் சரியாக மடிக்கச் செய்வது கடினம். ஆகவே பிணைப்புக் குறைந்த சிறு துண்டுகளை வேதியியல் முறையில் செய்து பார்த்தனர். சுண்டெலிக் காயத்தை ஆற்றும் ஆற்றல் அத்துண்டுகள் சிலவற்றில் குறையாமல் இருந்ததென 2017-இல் அறிவித்தனர். முழுப் புழுவிலிருந்து ஒரு புரதம், முழுப் புரதத்திலிருந்து ஒரு துண்டு என ஆராய்ச்சி சுருங்கிக் கூர்மையாகிறது.

ஆசையும் எச்சரிக்கையும்

இச்செய்தியை விடுதி உணவுக் கூடத்தில் நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, முதலாண்டு பயிலும் திருநெல்வேலித் தம்பி ஒருவன் உணவை நிறுத்திவிட்டு, “அப்படியானால் பூச்சி மருந்து சாப்பிடாமல் இருப்பது நல்லதா அண்ணே?” என்று கேட்டான்.

“தம்பி, அட்டைக் கடிக்கும் அறுவை வைத்தியருக்கும் வேற்றுமை தெரிய வேண்டாமா?” என்றேன்.

நகைப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மண்வழிப் பரவும் குடற்புழுக்கள் உலகில் சுமார் 150 கோடிப் பேரிடம் உள்ளன என்று உலக நலவாழ்வு நிறுவனம் மதிப்பிடுகிறது. குழந்தைகளுக்கு இரத்தசோகையும் வளர்ச்சிக் குறைவும் அவற்றால் நேர்கின்றன. இதற்காகவே 2015 முதல் நம் நாட்டில் தேசியக் குடற்புழு நீக்க நாள் கடைப்பிடிக்கப்பட்டு, சிறுவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. ஆராய்ச்சியாளர் காயத்தில் இடுவது புழுவை அன்று. புழுவின் மரபணுச் செய்தியைக் கொண்டு ஆய்வுக்கூடத்தில் செய்து, தூய்மைப்படுத்திய புரதத்தை. புழுவை உள்ளே வைத்துக்கொண்டு வித்தையை மட்டும் பெற முடியாது.

தூய புரதமாயினும் அச்சம் முற்றிலும் நீங்கிவிடுமா? இதற்கு மருத்துவ வரலாறு ஒரு பாடம் தருகிறது. மனித வளர்ச்சிக் காரணி ஒன்றைக் கொண்டு செய்த பெக்காப்ளெர்மின் என்ற களிம்பு, நீரிழிவுக் கால் புண்ணுக்காக 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூன்று குழாய்களும் அதற்கு மேலும் பயன்படுத்தியோரிடம் புற்றுநோய் மரணம் மிகுதியாகக் காணப்பட்டதென 2008-இல் அதன் மேலுறையில் கட்டமிட்ட எச்சரிக்கை அச்சிடச் செய்தனர். பின்னர் வந்த ஆய்வுகளைச் சீர்தூக்கிப் பார்த்து, 2018-இல் அவ்வெச்சரிக்கையை நீக்கினர். உயிரணுக்களை வளரச் சொல்லும் எந்த மருந்தின் மீதும் இக்கேள்வி எழுந்தே தீரும். பதில் கிடைக்கப் பத்தாண்டும் ஆகலாம் என்பதே இதன் படிப்பினை. ஈரற்புழுவின் கிரானுலினுக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது.

டி.ஜி.எம். வகையில் வேறொரு கேள்வி உண்டு. அது வெள்ளணுப் படையை அமைதிப்படுத்துவது. ஆய்வுக்கூடத்துக் காயம் தூய்மையானது. என் பெரியப்பாவின் புண்ணைப் போன்றவற்றிலோ கிருமிகள் பாசி போல் படர்ந்திருக்கும். பகைவன் கோட்டைக்குள் இருக்கும்போது காவலரை உறங்கச் சொல்லலாமா? எப்போது பூசுவது, எவ்வளவு பூசுவது என்பவை முடிவு செய்யப்பட வேண்டியவை. அயலான புழுப் புரதத்தை மனித உடல் காலப்போக்கில் அடையாளங் கண்டு எதிர்க்கவும் கூடும்.

இவை எல்லாவற்றினும் பெரிய தடை சுண்டெலியே. அதன் தோலுக்கடியில் மெல்லிய தசைப் படலம் ஒன்று உண்டு. காயம் பட்டதும் சுருக்குப் பையை இழுத்தாற்போல் அது விளிம்புகளைச் சேர்த்து இழுத்துவிடும். நம் உடலின் பெரும்பகுதியில் அத்தகைய படலம் இல்லை. நம் புண் அடியிலிருந்து புதுத் தசை நிரம்பி, மேலே தோல் ஊர்ந்து மூட வேண்டியது. ஆகவே எலியில் விரைவில் மூடிய புண், மனிதனிலும் அவ்வண்ணமே மூடும் என்று கணக்கிடுவது தவறு.

நாம் கொள்ள வேண்டியவை

இனி, “புழுப் புரதம் புண்ணை ஆற்றும்” என்ற தலைப்பைச் செய்தித்தாளில் காணும்போது நண்பர்கள் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறேன். எந்த உயிரின் உடலில் ஆற்றியது? எத்தகைய புண்ணை ஆற்றியது, கத்தி பட்ட புதுக் காயத்தையா, மாதக் கணக்கில் அழுகிய புண்ணையா? ஆற்றுவதோடு வேறென்ன செய்தது? இம்மூன்று வினாக்களும் புழுவுக்கு மட்டுமன்றி, எந்தப் புது மருந்துக்கும் பொருந்தும்.

விடுமுறைக்கு ஊர் செல்லும்போது செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. நீரிழிவு உள்ள பெற்றோரும் உற்றாரும் இருந்தால், அவர்களுடைய பாதங்களை உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். விரல் இடுக்கைப் பாருங்கள். செருப்புக்குள் கையை விட்டுப் பாருங்கள். வெறுங்காலோடு நடக்க வேண்டாமென்று சொல்லுங்கள். சிறு கொப்புளமாயினும் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். புழுவின் புரதம் மருந்தாகிக் கடைக்கு வரும் நாள் வரட்டும். அதுவரை ஒரு விரலையேனும் காக்கவல்ல மருந்து, கண்ணால் பார்க்கும் அந்த ஐந்து நிமிடந்தான்.

இழிந்ததென்று ஒதுக்கிய புழுவிடமும் பாடங் கேட்கும் பணிவு விஞ்ஞானத்துக்கு உண்டு. கேட்ட பாடத்தை அப்படியே நம்பிவிடாத துணிவும் அதற்கு உண்டு. இரண்டையும் நாம் பயில்வோமாக.